தாயிடமிருந்து கருவுக்குப் போகும் தொற்றுகள்: எந்தப் பரிசோதனை, எப்போது, முடிவை எப்படிப் படிப்பது

கர்ப்பம் உறுதியான மறுவாரமே லேப் ரசீதில் ஏழெட்டு வரிகள் ஏறிவிடும். அதில் மூன்று வரிகள் தொற்று சம்பந்தப்பட்டவை: எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கு), எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைட்டிஸ் பி-க்கு). சில இடங்களில் கூடவே, கருவைப் பாதிக்கும் பல தொற்றுகளை ஒன்றாகத் தேடும் ‘டார்ச் பேனல்’ என்று நாலாவதாக ஒன்று இருக்கும். ரசீதிலேயே பெரிய தொகை அதற்குத்தான். அதிகப் பணம் கட்டியதுதான் முக்கியமான பரிசோதனை என்று தோன்றுவது இயல்பு. விஷயம் அப்படியே தலைகீழ். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கும் அந்த மூன்றில்தான், முடிவு எப்படி வந்தாலும் குழந்தைக்காகச் செய்யத் தெளிவான வழி இருக்கிறது. டார்ச் அப்படியில்லை. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் எடுத்தால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் எடுத்தால் பயத்தைத்தான் தரும்.

என் நாத்தனாருக்கு அப்படித்தான் நடந்தது. பத்தாவது வாரத்தில் ஒரு தனியார் லேப் கொடுத்த காகிதத்தில் ‘சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. சி.எம்.வி. என்பது ஒரு வைரஸ். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “இது எனக்கும் பாசிட்டிவ்தான்மா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் முன்பே தெரிந்திருந்தால் இரண்டு நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. மருந்து எது, அளவு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கேள்வியோடு அவர் முன்னால் போய் உட்காருவது என்பதை இங்கே பார்ப்போம்.

கர்ப்பத்துக்கு முன்னால்: ரூபெல்லா

குழந்தைக்குத் திட்டமிடும்போதே பார்த்துவிட வேண்டியது ரூபெல்லா. நம் பக்கம் ஜெர்மன் தட்டம்மை என்பார்கள். பெரியவர்களுக்கு வந்தால் லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு வந்தால் பெரும்பாலான கருக்களைப் பாதித்துவிடும். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்தே வருவதுண்டு.

இதை உலகுக்குச் சொன்னவர் மகப்பேறு மருத்துவர் அல்ல, ஒரு கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக் 1941-இல், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் தன்னிடம் வரிசையாக வருவதைக் கவனித்தார். தாய்மார்களை விசாரித்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்ததாகச் சொன்னார்கள். நம் ஊரிலும் கண் மருத்துவர்கள்தான் முதலில் விழித்துக்கொண்டார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் நடந்த ஆய்வுகள், கைக்குழந்தைகளின் கண்புரைக்கு ரூபெல்லா ஒரு பெரிய காரணம் என்று காட்டின. இந்தியா முழுக்கத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் சுற்றிலேயே தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குப் போட்டார்கள். அப்போது பள்ளி வயதைத் தாண்டியிருந்த பெண்கள் இப்போது கர்ப்பம் தரிக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி போட்டார்களா என்பது பல வீடுகளில் யாருக்கும் நினைவில்லை.

ஆகவே உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும் ரூபெல்லா ஐ.ஜி.ஜி. என்று ஒரே ஒரு பரிசோதனை எடுங்கள். எதிர்ப்பு இருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. இல்லாவிட்டால் எம்.எம்.ஆர். என்ற தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் என்பதால் கர்ப்பத்தில் போடமாட்டார்கள். தெரியாமல் போட்டுக்கொண்ட பிறகு கர்ப்பம் என்று தெரியவந்தால் கருவைக் கலைக்கத் தேவையில்லை. ஊசி வைரஸால் குழந்தை பாதிக்கப்பட்டதாக இதுவரை தெரியவில்லை. கர்ப்பம் ஆன பிறகுதான் எதிர்ப்பு இல்லையென்று தெரிகிறதா? தடிப்புக் காய்ச்சல் உள்ளவர்களை விட்டு விலகியிருங்கள், பிரசவம் முடிந்ததும் ஊசி போடுங்கள். தாய்ப்பாலுக்கு அது தடை இல்லை.

சின்னம்மை சிறு வயதில் வந்ததா என்று அம்மாவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

12 வாரத்துக்குள்: விடக்கூடாத மூன்று

தமிழ்நாட்டில் கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குவது வழக்கம். மகப்பேறு உதவித்தொகைக்கு அந்த எண் வேண்டும் என்பதற்காகத்தான் பலரும் ஓடுகிறோம். அந்த ஓட்டத்திலேயே இந்த மூன்றையும் முடித்துவிடலாம். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டாலும் 12 வாரத்துக்குள் முடிவு கையில் இருக்க வேண்டும்.

முதலில் சிபிலிஸ். பழைய ஆட்கள் மேகநோய் என்பார்கள். “அதெல்லாம் நமக்கெதற்கு” என்று முகம் சுளிக்க வேண்டாம், இது யாருடைய நடத்தைக்கும் வைக்கும் தேர்வு அல்ல. சிகிச்சை இல்லாமல் விட்டால் கரு கலையலாம், வயிற்றிலேயே இறக்கலாம், எலும்பிலும் ஈரலிலும் நோயோடு பிறக்கலாம். இத்தனை கொடுமைக்கும் மருந்து பென்சிலின் ஊசி. ஆரம்ப நிலை என்றால் 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின் ஒரு முறை; எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. இவ்வளவு மலிவான மருந்து இவ்வளவு பெரிய பாதிப்பைத் தடுப்பது மகப்பேறு மருத்துவத்தில் அபூர்வம்.

வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்றால் உடனே நோய் என்று ஆகாது. அந்தச் சோதனை சிபிலிஸ் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. லூபஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்களிலும், சில சமயம் வெறும் கர்ப்பத்திலுமே பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதனால் டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிச் சோதனை எடுப்பார்கள். ஆனால் அதன் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் முதல் ஊசியைப் போட்டுவிடுவதும் உண்டு. மறுபடி வருவார்களா என்று தெரியாத ஊரில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். காகிதத்தில் 1:8, 1:32 என்று ஒரு அளவு இருக்கும், அதை அழியாமல் வைத்திருங்கள். சிகிச்சை வேலை செய்ததா என்பதைப் பிறகு அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். 1:32 இருந்தது 1:8-க்கு இறங்கினால் நல்ல அடையாளம்.

இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. சிகிச்சை பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மாத்திரை கொடுத்து ஒப்பேற்ற முடியாது. கருவைப் பாதுகாப்பது நிரூபணமான மருந்து பென்சிலின் ஒன்றுதான் என்பதால், மருத்துவமனையில் வைத்துச் சிறிது சிறிதாக உடலைப் பழக்கி அதையே கொடுப்பார்கள்.

அடுத்தது எச்.ஐ.வி. இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. அன்று பாசிட்டிவ் என்றால் செய்ய ஒன்றுமில்லை. இன்று கதை வேறு. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேர் வரை தாயிடமிருந்து தொற்று பெறலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. தாய் ஆரம்பத்திலேயே மாத்திரை தொடங்கி, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் அது 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

அரசு மருத்துவமனைகளில் இதைப் பார்க்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் முதல் சோதனையில் ‘ரியாக்டிவ்’ வந்தால் அது முடிவல்ல. மூன்று வெவ்வேறு கிட்டுகளில் உறுதியான பிறகுதான் பாசிட்டிவ் என்று சொல்வார்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் அன்றைக்கோ ஓரிரு நாளிலோ மாத்திரை தொடங்கலாம், அது வாழ்நாள் முழுக்க. எச்.ஐ.வி. என்பதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்த்து, பிறக்கும் குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்று தீர்மானிப்பார்கள். சம்மதமில்லாமல் சோதிப்பதும், நிலையை வெளியே சொல்வதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. வீட்டில் யாரிடம், எப்போது சொல்வது என்று தவித்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

மூன்றாவது ஹெபடைட்டிஸ் பி. எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் வரும் பெண்களில் பலருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது, மஞ்சள் காமாலை வந்த நினைவே இருக்காது. அவர்களுடைய அம்மாவிடமிருந்து பிறப்பிலேயே வந்திருக்கும். வயது வந்தவருக்கு இந்த வைரஸ் வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். பிறக்கும்போது வந்தால் 10-இல் 9 குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கி, பின்னாளில் ஈரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

பாசிட்டிவ் என்றால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: “வைரல் லோடு எவ்வளவு?” ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால் 28-ஆம் வாரம் வாக்கில் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவார்கள். குறைவாக இருந்தால் குழந்தைக்குப் போடும் ஊசிகளே போதுமானதாக இருக்கும். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டம் 2018-இல் தொடங்கியதிலிருந்து மருந்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வாங்கலாம். வீட்டில் மற்றவர்களையும் சோதித்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள் பாருங்கள், அதற்கு எந்த அவசியமும் இல்லை. சாப்பாட்டில் பரவும் நோய் அல்ல அது.

டார்ச்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

டோக்ஸோபிளாஸ்மா (ஓர் ஒட்டுண்ணி), ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.), ஹெர்பிஸ் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளும், ‘மற்றவை’ என்பதற்கான ஓர் எழுத்தும் சேர்ந்து உண்டான பெயர் இது. ஒரே மாதிரி அறிகுறிகளோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் காரணம் தேடும் மருத்துவருக்கு ஒரு நினைவுக் குறிப்பாக 1971-இல் ஆண்ட்ரே நாமியாஸ் என்பவர் உருவாக்கினார். நினைவுக் குறிப்பு காலப்போக்கில் லேப் பேக்கேஜ் ஆகிவிட்டது.

நம் ஊரில் இது அதிகம் எழுதப்படுவது இரண்டு மூன்று முறை கரு கலைந்தவர்களுக்கு. அங்கேதான் இது கிட்டத்தட்டப் பயனில்லாதது. இந்தத் தொற்றுகள் ஒரு முறை புதிதாக வந்து ஒரு கர்ப்பத்தைப் பாதிக்கலாம். அதே தொற்று திரும்பத் திரும்பக் கருவைக் கலைத்துக்கொண்டே இருக்காது. தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் பார்ப்பதில் பயனில்லை என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதலே சொன்னது. ஆனாலும் ‘டார்ச் இருக்கிறது’ என்ற ஒரு சொல்லோடு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பெண்களை நம் தெருவிலேயே பார்க்கலாம்.

அப்படியானால் எப்போது வேண்டும்? ஸ்கேனில் தொற்றின் சாயல் தெரியும்போது: மூளையில் நீர் கோத்திருப்பது, சுண்ணாம்புப் புள்ளிகள், குடல் வெள்ளையாகத் தெரிவது, வளர்ச்சி குன்றுவது, கருவின் உடம்பில் நீர் கட்டுவது. அப்புறம், கர்ப்பத்தில் காய்ச்சலோடு தடிப்போ, கழலை வீக்கமோ வந்தால். அல்லது நோயுள்ள ஒருவரோடு நெருங்கிப் பழகியது உறுதியாகத் தெரிந்தால். அப்போதும் முழுப் பேனலும் தேவைப்படாது. சந்தேகம் எதுவோ அதை மட்டும் பார்க்கலாம். ஹெர்பிஸுக்கு ரத்தப் பரிசோதனை பெரிதாக எதையும் சொல்லாது. பிறப்புறுப்பில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் முக்கியம், அதுவும் கடைசி வாரங்களில்.

காகிதத்தைப் படிப்பது: ஐ.ஜி.ஜி.யும் ஐ.ஜி.எம்.மும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பயம் வருவதும் தீர்வதும் இங்கேதான்.

ஒரு கிருமி முதல்முறை உடம்புக்குள் வந்தால் சுமார் ஒரு வாரத்தில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் பொருள் தோன்றும். இன்னும் ஓரிரு வாரத்தில் ஐ.ஜி.ஜி. வரும். ஐ.ஜி.எம். கொஞ்ச நாளில் மறைய வேண்டியது, ஐ.ஜி.ஜி. ஆயுள் முழுக்க இருப்பது. ஆகவே ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போய்விட்டது, இப்போது காவல் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது நல்ல செய்தி. சி.எம்.வி.யைப் பொறுத்தவரை இந்தியப் பெண்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் இப்படித்தான் இருக்கும். “எனக்கும் பாசிட்டிவ்தான்” என்று டாக்டர் சொன்னது இதைத்தான். எண் 120 என்றோ 250 என்றோ இருப்பதைப் பார்த்து நோய் ‘அதிகம்’ என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கிட்டும் ஒவ்வொரு அளவுகோல்.

இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை வரவில்லை, வந்தால் முதல்முறையாக வரும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். தடிப்பு வந்த அன்றே ரத்தம் கொடுத்தாலும் இரண்டும் நெகட்டிவ் காட்டலாம். எனவே 2 முதல் 3 வாரம் கழித்து, அதே லேபில் மறுபடி கொடுக்க வேண்டும். பழைய மாதிரியையும் புதியதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஐ.ஜி.எம். மட்டும் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்றாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அதே மறுபரிசோதனையில் ஐ.ஜி.ஜி. எழும்பினால் உண்மை. எழும்பவே இல்லையென்றால் அந்த ஐ.ஜி.எம். வெறும் கிட்டின் சத்தம்.

சிக்கல் இரண்டும் பாசிட்டிவ் என்னும்போதுதான். டோக்ஸோபிளாஸ்மாவில் ஐ.ஜி.எம். ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்குவதுண்டு. அப்படியானால் தொற்று வந்தது கர்ப்பத்துக்கு முன்னா, பின்னா? இதற்குத்தான் ‘அவிடிட்டி’ என்ற சோதனை. புதிதாக உருவான ஐ.ஜி.ஜி. கிருமியைத் தளர்வாகப் பிடிக்கும். மாதங்கள் போகப்போக பிடி இறுகும். டோக்ஸோவில் பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று வந்து 4 மாதமாவது ஆகிவிட்டது என்று கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10-ஆம் வாரத்தில் எடுத்த ரத்தத்தில் அவிடிட்டி அதிகம். 4 மாதம் என்றால் சுமார் 16 வாரம். அதாவது கரு உண்டாவதற்கு முன்பே வந்த தொற்று, கவலையில்லை. அதே முடிவு 24-ஆம் வாரத்தில் எடுத்த ரத்தத்தில் வந்தால்? 16 வாரம் முன்னால் போனால் 8-ஆம் வாரம். கர்ப்பத்துக்கு முன்னா பின்னா என்று சொல்ல முடியாது. அதே காகிதம், அதே முடிவு, எடுத்த தேதி மட்டும் வேறு. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ரத்தத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். அவிடிட்டி குறைவு என்றால் ‘நிச்சயம் புதியது’ என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சிலருக்கு அது நெடுநாள் தளர்வாகவே இருக்கும்.

ஒரு ஐ.ஜி.எம். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது கருக்கலைப்பைப் பற்றிப் பேசினால், அந்த அறையிலிருந்து எழுந்து வந்து இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாய்க்கு உறுதி, கருவுக்கு?

தாய்க்குப் புதிதாகத் தொற்று வந்துவிட்டது என்றாலே குழந்தைக்குப் போய்விட்டது என்று ஆகாது. சி.எம்.வி. முதல்முறை வந்தால் மூன்றில் ஒரு கருவுக்குப் போகும், பழைய தொற்று மறுபடி தலைதூக்கினால் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். டோக்ஸோ விசித்திரமானது. ஆரம்ப மாதங்களில் வந்தால் கருவுக்குப் போவது குறைவு, போனால் சேதம் அதிகம். கடைசி மாதங்களில் நேர்மாறு.

கருவுக்குப் போனதா என்று உறுதியாகச் சொல்வது பனிக்குட நீர்ச் சோதனை. ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து, கிருமியின் மரபணுவை பி.சி.ஆர். என்ற சோதனையில் தேடுவார்கள். இதிலும் அவசரப்பட்டால் பயனில்லை. டோக்ஸோவுக்கு 18 வாரம் கடந்து, தொற்று வந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். சி.எம்.வி. கருவின் சிறுநீர் வழியாக நீரில் கலக்க வேண்டும் என்பதால் 20 வாரம் தாண்டி, தொற்றுக்கு 6 முதல் 8 வாரம் கழித்து. முன்கூட்டியே எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்ப முடியாது. இந்த ஊசியால் கரு கலையும் அபாயம் உண்டு, ஆனால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் இதற்குப் படிவம், கையெழுத்து எல்லாம் உண்டு.

ஸ்கேன் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். ஸ்கேன் சுத்தமாக இருப்பது ஆறுதல்தான், ஆனால் காது கேட்குமா என்று ஸ்கேன் சொல்லாது. கருவுக்குப் பெரிய பாதிப்பு உறுதியானால் 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது, அதற்கு மேல் மருத்துவக் குழு முடிவு செய்யும். 2021 திருத்தம் அப்படி. மேலே சொன்ன வாரக் கணக்குகளையும் இந்த 24-ஐயும் சேர்த்துப் பார்த்தால், தேதிகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பது புரியும்.

நடுவில் காய்ச்சல், தடிப்பு, அம்மை

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை. கர்ப்பிணி என்ன செய்வது? முதலில் அந்தப் பழைய கேள்வி: சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை வந்ததா? வந்திருந்தால் பொதுவாகப் பயமில்லை. வந்ததா என்று தெரியாவிட்டால், அந்தக் குழந்தையோடு ஒரே அறையில் கால்மணி நேரமாவது இருந்திருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் பேசி ஐ.ஜி.ஜி. பாருங்கள். எதிர்ப்பு இல்லையென்றால் 10 நாளுக்குள் போடக்கூடிய இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்புப் பொருள்) ஊசி இருக்கிறது. அது கிடைக்காத ஊரில் அசைக்ளோவிர் கொடுப்பதும் உண்டு. கொப்புளம் தோன்றிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது.

அம்மை வந்தால் மருந்து சாப்பிடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வேப்பிலை கட்டுங்கள், கூழ் ஊற்றுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். அதோடு டாக்டருக்கு ஒரு போனும் போடுங்கள். கர்ப்பிணிக்கு அம்மை நுரையீரலில் இறங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. போன் செய்துவிட்டுப் போகச் சொல்வதற்குக் காரணம், வெளி நோயாளிகள் வரிசையில் இன்னும் இருபது கர்ப்பிணிகள் உட்கார்ந்திருப்பார்கள். கருவைப் பொறுத்தவரை 20 வாரத்துக்குள் வந்தால் பாதிப்பு நூற்றில் இரண்டு அளவுதான். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால்தான் குழந்தைக்குக் கடுமையான ஆபத்து.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்னம் அறைந்ததுபோல் சிவக்கும் பார்வோ வைரஸ் என்று ஒன்றுண்டு. தாய்க்கு வந்தால் கருவுக்கு ரத்தசோகை வரலாம். கருவின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்து, தேவைப்பட்டால் வயிற்றுக்குள்ளேயே கருவுக்கு ரத்தம் ஏற்றுவார்கள். ஜிகா வைரஸையும் மறந்துவிட வேண்டாம். 2021 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதியில், முதலில் உறுதியானது ஒரு கர்ப்பிணிக்குத்தான். டெங்கு கொசுவேதான் இதையும் பரப்புகிறது.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி: டோக்ஸோவுக்குப் பயந்து பூனையை விரட்ட வேண்டாம், அதன் கழிவை வேறு யாராவது தினமும் அள்ளட்டும். அந்தக் கழிவில் உள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். பூனையைவிட, வேகாத கறியும் கழுவாத கீரையும்தான் கவனிக்க வேண்டியவை. சி.எம்.வி. சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் வரும். மூத்த பிள்ளை மிச்சம் வைத்த சோற்றை அம்மா சாப்பிட்டு முடிப்பது நம் வீடுகளில் யாரும் யோசிக்காமல் செய்வது. இந்தப் பத்து மாதம் மட்டும் அதைக் கணவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

ஏழாம் மாதம்: மறுபடி ஒரு முறை

முதல் மூன்று மாதத்தில் நெகட்டிவ் என்பது அந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும். 28 வாரம் வாக்கில் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. கர்ப்பத்தின் நடுவில் புதிதாக வரும் எச்.ஐ.வி.யில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும் என்பதால் குழந்தைக்கு ஆபத்தும் அதிகம். கணவரும் கூடவே பரிசோதித்துக்கொள்ளட்டும். “எனக்கு எதுக்கு?” என்பவரிடம், குழந்தைக்காக எல்லா அப்பாக்களுக்கும் பார்க்கிறார்கள் என்று செவிலியரையே சொல்லச் சொல்லுங்கள், சண்டை மிச்சம்.

இந்த மாதிரி முதல் முறையும் மறுமுறையும் எல்லாத் தாய்மாருக்கும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்துவிட்டதாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டுக்குச் சான்றளித்தது.

நம் பக்கம் இதே ஏழாம் மாதத்தில் இன்னொன்று நடக்கும்: வளைகாப்பு. வளையல் போட்டு, சோறு கட்டி, பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவோம். ஊர் மாறும், டாக்டர் மாறுவார், ஃபைல் மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் கிடக்கும். புது மருத்துவமனையில் “எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்தீர்களா?” என்றால் “எல்லாம் நார்மல்னு சொன்னாங்க” என்ற பதில்தான் வரும். எல்லா முடிவுகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பிக்மி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அசல் ஃபைல் பெண்ணோடு போகட்டும்.

பிரசவ அறையில், அதற்குப் பின்

ஹெபடைட்டிஸ் பி உள்ள தாய் என்றால், வலி வந்து சேரும்போதே அதைச் சொல்லி, அதற்கான இம்யூனோகுளோபுலின் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தையின் ஒரு தொடையில் அது, மறு தொடையில் தடுப்பூசி. நள்ளிரவில் கடை கடையாக அலையாமல் இருக்க 36-ஆம் வாரத்திலேயே விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம். தாய் நெகட்டிவ் என்றாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசி உண்டு. பிறகு 6, 10, 14 வாரங்களில் தொடரும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஊசி பலித்ததா என்று 9 முதல் 12 மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

சிபிலிஸுக்குச் சிகிச்சை பெற்ற தாய் என்றால் குழந்தையின் அளவைத் தாயின் அளவோடு ஒப்பிடுவார்கள். நான்கு மடங்கு அதிகம் என்றால் குழந்தைக்கும் தொற்று என்று சிகிச்சை தொடங்கும். தாயின் 1:8 காகிதம் இப்போது தேவைப்படும்.

சி.எம்.வி. சந்தேகம் என்றால் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பிறந்த 21 நாளுக்குள் சோதிக்க வேண்டும். அதைத் தாண்டினால், வயிற்றிலேயே வந்ததா, வெளியே வந்த பிறகு தொற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காது கேட்கும் சோதனையை ஒரு முறையோடு விடாமல் வளர வளரத் திரும்பச் செய்யச் சொல்வார்கள், சிலருக்குக் கேட்கும் திறன் பிறகுதான் குறையும்.

எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்ததும் மருந்துச் சொட்டு தொடங்கும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், இல்லையென்றால் முழுக்க மாற்றுப் பால். இரண்டையும் கலக்கக் கூடாது. 6 வாரத்தில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் வைரஸின் மரபணுவைத் தேடுவார்கள். சாதாரண எச்.ஐ.வி. சோதனை இந்த வயதில் உதவாது. தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும், அது முழுக்கக் கரைய 18 மாதம்கூட ஆகலாம். அதுவரை அந்தச் சோதனையில் தெரியும் ‘பாசிட்டிவ்’ தாயினுடையதாகவே இருக்கலாம். 18-ஆம் மாதம், தாய்ப்பால் நின்று 3 மாதம் ஆன பிறகு, கடைசிச் சோதனை. அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.